போர்ட் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது: தொலைவிலிருந்து கணினியைத் திறப்பதில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

புதுக்குடியிருப்பில் ஒரு அரிசி மில் என்று வைத்துக்கொள்வோம். கணக்கெல்லாம் அங்குள்ள விண்டோஸ் கணினியில். கணக்கைப் பார்க்கும் மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். விடுதி வைஃபையில் இருந்து, மில் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் விண்டோஸ் வசதியான ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறந்தால் இணைப்பு வரவில்லை. உடனே யாராவது ஒருவர் சொல்வார்: "போர்ட்டை 443க்கு மாத்துங்கோ, வேலை செய்யும்." இதில் பாதி சரி. மற்றப் பாதியை நம்பித்தான் பலர் நாள்கணக்கில் மினக்கெடுகிறார்கள்.

போர்ட் என்பது கணினிக்குள் எந்தச் சேவைக்கு இணைப்பு போகிறது என்று காட்டும் வாசல் எண். ரிமோட் டெஸ்க்டொப்பின் வழக்கமான போர்ட் 3389. கட்டுப்பாடான ஃபயர்வோல்கள் (வலையமைப்பின் காவல் தடுப்புகள்) இணையத்தளம் பார்க்கத் தேவையான 80, 443 ஆகியவற்றை மட்டும் வெளியே விட்டு மற்றவற்றை மறிக்கும். அதனால்தான் எல்லோரும் 443ஐச் சொல்கிறார்கள். ஆனால் இன்றைய ஃபயர்வோல்கள் பல, எண்ணோடு நிற்காமல் உள்ளே போவது என்ன என்றும் பார்க்கின்றன. உண்மையான எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணையத்தள) இணைப்பு, அனுப்பும் முதல் தரவுப் பொதியிலேயே டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க முறைக்கான கைகுலுக்கலைத் தொடங்கும். ரிமோட் டெஸ்க்டொப்போ முதலில் தன்னுடைய சொந்த இணைப்புக் கோரிக்கையை அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் டிஎல்எஸ்ஸுக்கு வரும். 443இல் வைத்தாலும் அது எச்டிடிபிஎஸ் அல்ல என்று அந்த முதல் பொதியே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணைத் தொடுவதற்கு முன்னமே பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது. வன்னியின் உள் ஊர்களில் பல இடங்களில் இணையம் வருவது சிம் போட்ட 4ஜி ரவுட்டரால்தான். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, உங்களுக்கென்று தனிப் பொதுமுகவரி இல்லை. நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது. அப்படியானால் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு மில்லை எட்டாது. பொதுமுகவரி இருந்தாலும், கரண்ட் போய் வந்தபின் அது மாறியிருக்கலாம்.

சரி, பொதுமுகவரி இருக்கிறது, எண்ணையும் மாற்றத்தான் வேண்டும் என்றால், விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கவனம். போர்ட் எண்ணுக்கான பெட்டியைத் திறந்ததும் அது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் முறையில் நிற்கும்; 3389க்குப் பதில் டி3டி என்று காட்டும். வழக்கமான தசம முறைக்கு மாற்றாமல் 443 என்று தட்டினால், அது தசமத்தில் 1091 ஆகிவிடும்; கணினி 1091இல் காத்திருக்கும். நீங்கள் 443இல் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். எண்ணைச் சரியாகப் போட்ட பிறகும், விண்டோஸ் ஃபயர்வோலில் புதிய எண்ணுக்குத் தனி அனுமதி கொடுத்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் இவ்வளவும் வீண்; அந்தப் பதிப்பு வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் இணைப்பை ஏற்காது.

ஆகப் பெரிய பிழை, எண்ணை மாற்றியதும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பது. இணையத்தைத் துழாவும் நிரல்களுக்கு 65,535 போர்ட்டுகளையும் தட்டிப் பார்ப்பது பெரிய வேலையல்ல. 2019 மே மாதம் தெரியவந்த புளூகீப் என்ற ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் விண்டோஸ் 7 கணினிக்குள் நுழைய இடங்கொடுத்தது. விண்டோஸ் 7க்கான வழக்கமான ஆதரவும் 2020 ஜனவரியில் நின்றுவிட்டது. மில்லிலோ கடையிலோ பழைய விண்டோஸ் 7 ஓடினால், அதை எந்த எண்ணிலும் நேரே இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒன்று வந்தால் நெல் வாங்கிய கணக்கு, கடன் கொடுத்த கணக்கு எல்லாம் ஒரே இரவில் பூட்டப்பட்டுவிடும்.

அப்போ என்னதான் செய்வது? டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போன்ற மென்பொருள்களில் இரு பக்கமும் நடுவிலுள்ள சர்வரை நோக்கி வெளியேதான் இணைகின்றன. ஆகவே பங்கிட்ட முகவரி தடையில்லை, ரவுட்டரில் எதையும் திறக்கவும் வேண்டாம். டீம்வியூவர் முதலில் 5938ஐ முயன்று, முடியாவிட்டால் 443க்கும் 80க்கும் போகும். இவற்றுக்கும் வலுவான கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும். விபிஎன் (இரு இடங்களையும் இணைக்கும் மறைகுறியாக்கிய தனிப்பாதை) போடுவதென்றால் யுடிபியை மட்டும் நம்பவேண்டாம். யுடிபியும் டிசிபியும் தரவை அனுப்பும் இரண்டு முறைகள்; இணையத்தளங்கள் பெரும்பாலும் டிசிபியில் ஓடுவதால் அதைத்தான் ஃபயர்வோல்கள் அதிகம் விடும். வயர்கார்ட் என்ற விபிஎன் யுடிபியில் மட்டுமே ஓடுவதால் கட்டுப்பாடான இடங்களில் அடிக்கடி படுத்துவிடும். ஓபன்விபிஎன்னை டிசிபி 443இலும் ஓட்டலாம், எஸ்எஸ்டிபி என்ற இன்னொரு விபிஎன் முறை வழக்கமாகவே அந்தப் போர்ட்டில்தான் ஓடுகிறது.

பிழை எந்தப் பக்கம் என்று அறிய எளிய சோதனை: விடுதி வைஃபையை விட்டு ஃபோன் டேட்டாவில் முயலுங்கள். அதில் ஓடினால் மறிப்பது விடுதி ஃபயர்வோல். இரண்டிலும் ஓடாவிட்டால் பெரும்பாலும் மில் பக்கம்தான் பிழை. மில்லுக்குள் இருந்துகொண்டே பொதுமுகவரியைத் தட்டிப் பார்க்காதீர்கள். பல ரவுட்டர்கள் அதை உள்ளே திருப்பிவிடுவதில்லை.

விடுதி ஃபயர்வோல்தான் மறிக்கிறது என்று தெரிந்தால், சுற்றுவழி தேடுமுன் வலையமைப்புப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அந்த வலையமைப்புக்குப் பொறுப்பு அவர். ஒளித்து ஓட்டிப் பிடிபட்டால் உங்கள் வலையமைப்புக் கணக்கையே அவர் முடக்கலாம். எந்த மென்பொருள், எந்த முகவரி, எந்தப் போர்ட், எதற்காக என்று நாலு வரியில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் முடிவெடுப்பது சுலபம்.