மலம்புழா போகிறவர்களுக்கும், ஊருக்கு ஒரு பெஞ்சு கொடுக்க நினைப்பவர்களுக்கும்

பாலக்காட்டுக்கு வருகிறவர்கள் கொச்சியைவிடக் கோவையில் இறங்குவதுதான் நல்லது. வாளையாரைத் தாண்டிவிட்டால் வீடு பக்கம். மார்ச், ஏப்ரலில் குழந்தைகளோடு வராதீர்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும். மலம்புழா தோட்டத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம். ரோப்வேக்கு வரிசையில் நின்றே பொழுது போய்விடும்.

தோட்டத்தை ஒட்டிய மலம்புழா அணையை 1955-ல் காமராஜர் திறந்து வைத்தார். அப்போது மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது. மறு வருஷம் நவம்பர் 1 முதல் நாங்கள் கேரளம். ஆனாலும் அப்பாவுக்கு அது கடைசி வரை காமராஜர் அணைதான். வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளி லீவில், புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் கூட்டிப்போவார். கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த ஆடையில்லாத யட்சி சிலை வந்ததும் அக்காவையும் என்னையும் கையைப் பிடித்து வேகமாக நடத்திவிடுவார். தொங்குபாலம் வந்த பிறகுதான் நடை தளரும். பிற்காலத்தில் சண்டிகரின் நேக் சந்த் உடைந்த ஓடுகளையும் வளையல்களையும் வைத்து அங்கே ஒரு பாறைத்தோட்டம் அமைத்தார். அதை அப்பாவோடு பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. அதற்குள் நான் வெளிநாடு போய்விட்டிருந்தேன்.

நகரத்துக்குள் தங்குகிறவர்கள் காலையில் கோட்டையைச் சுற்றி நடக்கலாம். 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டை. அகழி ஓரம் நல்ல காற்று வரும்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது பெஞ்சைப் பற்றி.

எங்கள் ஊர் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழ் பேசுகிற பக்கம். ஊர்க் குளக்கரையில் ஒரு சின்னப் பூங்கா உண்டு. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நாலைந்து வேப்பமரம். நான் வெளிநாடு போன பிறகு அப்பா தினமும் மாலையில் அங்கே போய்க் குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாராம். உட்கார வேறு இடம் கிடையாது. முழங்கால் வலியோடு எழுந்திருக்கக் கஷ்டப்படுவார் என்று அவர் போன பிறகுதான் அக்கா சொன்னாள். ஒரு சிமென்ட் பெஞ்சு, முதுகில் அப்பா பெயர், கீழே உபயம். அவ்வளவுதான் ஆசை. கையில் மூன்று வார லீவு இருந்தது. தாராளம் என்று நினைத்தேன்.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி உள்ளூர் அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் மலையாளத்தில் எழுதி வரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இதை நினைவில் வையுங்கள்: 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாதாடவில்லை. இருபது வருஷம் ஊரில் இல்லாதவன் எந்த உரிமையில் குரலை உயர்த்துவது என்று வாயடைத்துப் போனேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். தமிழிலேயே கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள்.

மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததும் அளவோடு வரைபடம் கேட்டார்கள். அடுத்த முறை போனபோது அதிகாரி கூட்டத்தில் இருந்தார். அதற்கடுத்த முறை போனபோது லீவு. இதற்கிடையில் சித்தப்பா வீட்டுக்கு வந்து, அண்ணன் பெயரோடு தன் பெயரும் இருக்க வேண்டும் என்றார். கல்யாணப் பத்திரிகையா அது? வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது வாரம் வேறொரு மேசையில் கடவுச்சீட்டு கேட்டார்கள். அங்கேதான் எல்லாம் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தைக் கொடுத்தால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமையை மாற்றிக்கொண்டவர் கொடுத்தால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும். பள்ளிக்கோ கோயிலுக்கோ ஏதாவது செய்ய நினைப்பவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் பெஞ்சுக்கு இது பொருந்துமா என்று மேலே கேட்க வேண்டும், பதில் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். "சார், நீங்கள் வெளிநாட்டுக்காரர் ஆயிற்றே" என்றார். அப்பா பிறந்த தெருவிலிருந்து நடந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

நான் திரும்பிய பிறகு அக்கா தன் பெயரில் புதிதாக விண்ணப்பம் எழுதினாள், தமிழில். வாங்கிக்கொண்டார்கள். பணமும் அவளுடையதே. அனுப்புகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. "அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான், இதையும் நானே செய்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

போன மாதம் படம் அனுப்பியிருந்தாள். அப்பா பெயருக்குக் கீழே "மகள் உபயம்" என்று இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். மதியத்தில் சிமென்ட் சுடும். நாலரைக்கு மேல் வேப்பமரத்து நிழல் அதன்மேல் விழும்.