நேர்கோடாகத் தெரிந்த சில்லர் வரைபடம்

கும்பகோணத்தில் நான் பராமரிக்கும் கல்யாண மண்டபத்தில், கூட்டம் குறைவாக இருக்கும்போதுதான் சில்லர் (ஏசிக்குக் குளிர்நீர் தரும் இயந்திரம்) கம்ப்ரசர் ட்ரிப் ஆகும், அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். கேஸ் பிரஷர் சரி. கண்டென்சரைக் கழுவினோம், கான்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) மாற்றினோம், பலனில்லை. வோல்டேஜும் சீராகவே இருந்தது.

குளிர்நீர் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டிரெண்ட் வரைபடம் மட்டும் 7 டிகிரியில் நேர்கோடாகப் போனது. அதுதான் உறுத்தியது. ஆன்-ஆஃப் கம்ப்ரசர் அப்படி ஓடவே ஓடாது. பார்த்தால் பதிவு இடைவெளி 15 நிமிடம், அச்சு 0 முதல் 50 டிகிரி வரை. இடைவெளியை 1 நிமிடமாக்கி, அச்சைச் சுருக்கி, கம்ப்ரசர் ஓடும் நிலையையும் அதே வரைபடத்தில் சேர்த்தேன். ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது! கூட்டம் குறைந்தால் நீர் சீக்கிரம் குளிர்ந்துவிடும்; அதனால் கம்ப்ரசர் ஓயாமல் நின்று நின்று ஸ்டார்ட் ஆகி, ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பாயும் அதிக மின்னோட்டத்தில், மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கிறது.

அப்புறம், கம்ப்ரசர் ஆன் ஆகும், ஆஃப் ஆகும் வெப்பநிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அரை டிகிரியிலிருந்து 2 டிகிரியாக்கி, மறு ஸ்டார்ட்டுக்கு 5 நிமிடத் தாமதம் வைத்தேன். அப்பாடா, ட்ரிப் நின்றது.