புறக்கோட்டையில் வாங்கிய பாகங்களில் ஒரு குட்டி ஆர்கேட் பெட்டி

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியான ஆர்கேட் இயந்திரத்தைக் குட்டியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் அநேகம் பேர் பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த வடிவத்தில்தானே மனம் போகிறது! ஆனால் திரையின் சரியான அளவும், வயர் வளைந்து போகும் இடமும் தெரியாமல் வெட்டிய பெட்டியை மறுபடி வெட்டத்தான் வேண்டிவரும். அதனால் இந்தச் செய்முறையில் முதலில் ஆட்டம் மேசையில் ஓடும். பெட்டி கடைசியில்.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வாங்கி நூற்றுக்கணக்கான பழைய கேம்களை ஏற்றும் வழியும் இருக்கிறது. நல்ல வழிதான், ஆனால் அதில் நம் கைவேலை குறைவு. இங்கே செய்யப்போவது ஒரே ஒரு ஆட்டம், அதன் ஒவ்வொரு வரியும் நீங்களே எழுதியது. இலத்திரனியல் பழகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம்.

ஆட்டம் எது என்று கேட்டால், 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பொங்’ என்ற மேசைப்பந்து வீடியோ கேமின் தம்பி. அலன் அல்கோர்ன் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அந்த இயந்திரத்துக்குள் மைக்ரோபுரசசரும் இல்லை, புரோகிராமும் இல்லை. எல்லாமே லொஜிக் சிப்கள். நம்முடையது ஒருவர் விளையாடுவது: இடது ஓரத்தில் மட்டை, மற்ற மூன்று பக்கமும் சுவர், நடுவே பந்து. மட்டையை நகர்த்த ஒரு குமிழ், தொடங்க ஒரு பட்டன். அவ்வளவுதான்.

பாகங்கள்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் பெரும்பாலும் எல்லாம் கிடைக்கும். ஞாயிறும் போயா தினமும் பல கடைகள் பூட்டியிருக்கும், அதைப் பார்த்துப் போங்கள். வாங்க வேண்டியவை: ஓர் ஆர்டுயினோ நானோ (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சிறிய போர்ட்), 0.96 அங்குல ஓஎல்இடி திரை, 10 கிலோஓம் வொலியூம் கொன்ட்ரோல் (நம் குமிழ் இதுதான்), ஒரு சிறிய பட்டன், பஸர் ஒன்று, வெள்ளை எல்இடி ஒன்று, பிரெட்போர்ட் (சோல்டர் பண்ணாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), ஜம்பர் வயர்கள், 100 ஓம், 330 ஓம் தடையிகள் இரண்டிரண்டு.

நானோவை வாங்கும்போது பின்கள் சோல்டர் பண்ணியதா என்று கேளுங்கள். பல கடைகளில் பின்களைத் தனியாகப் பையில் போட்டுத் தருவார்கள். முதல் தடவை செய்கிறவர் சோல்டர் பண்ணியதையே வாங்குவது நல்லது. பஸரில் இரண்டு வகை உண்டு. மின்சாரம் கொடுத்ததும் தானே ஒரே சத்தமாகக் கத்துவது அக்டிவ். நாம் கொடுக்கும் சுரத்தில் ஒலிப்பது பாசிவ். நமக்கு வேண்டியது பாசிவ்.

திரையில்தான் அதிக கவனம் வேண்டும். நான்கு பின் உள்ளதை வாங்குங்கள், அது ஐ2சி வகை, அதாவது இரண்டே வயரில் தகவல் அனுப்பும் முறை. கடையில் 1.3 அங்குலத் திரையையும் காட்டுவார்கள். அது கண்ணுக்கு இதமாக இருக்கும், ஆனால் அதற்குள் பெரும்பாலும் எஸ்எச்1106 என்ற சிப் இருக்கும். 0.96இல் இருப்பது எஸ்எஸ்டி1306. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். ஆனால் ஒன்றுக்கான அமைப்பை மற்றதற்குப் போட்டால் படம் இரண்டு புள்ளி தள்ளி, ஓரத்தில் குப்பைக் கோடுகளோடு வரும். யு8ஜி2 என்ற லைப்ரரி (ஆயத்தமாக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு) இரண்டையும் ஆதரிக்கிறது, சரியான பெயரைத் தெரிவு செய்தால் போதும்.

வயர் இணைப்பு

திரையின் பின்களுக்கு மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துகளை இணைக்கும் முன் வாசித்தே ஆக வேண்டும். சில திரைகளில் முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது விசிசி, அதாவது மின்சாரம் உள்ளே வரும் பின். வேறு சிலவற்றில் இது தலைகீழ். இணையத்தில் பார்த்த படத்தை நம்பிக் கொழுவினால் திரை ஒரு நொடியில் போய்விடலாம். கிரவுண்டை நானோவின் கிரவுண்டுக்கும், விசிசியை 5 வோல்ட் பின்னுக்கும், எஸ்டிஏவை ஏ4க்கும், எஸ்சிஎல்லை ஏ5க்கும் கொடுங்கள்.

வொலியூம் கொன்ட்ரோலின் மூன்று கால்களில் ஓரக்கால் இரண்டும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் போகும், நடுக்கால் ஏ0வுக்கு. குமிழைத் திருப்பும் திசைக்கு எதிராக மட்டை நகர்ந்தால் ஓரக்கால்களை மாற்றிக் கொடுத்தால் சரி.

பட்டனின் ஒரு கால் டி2வுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. இதற்குத் தனியாகத் தடையி தேவையில்லை. சிப்புக்குள்ளேயே ஒரு தடையி இருக்கிறது, புரோகிராமில் அந்தப் பின்னை ‘இன்புட் புல்அப்’ என்று அறிவித்தால் அது வேலை செய்யும். அப்போது பட்டனை அழுத்தாதபோது 1, அழுத்தியபோது 0 என்று வாசிக்கும். பஸரை 100 ஓம் தடையி வழியாக டி9க்கும் கிரவுண்டுக்கும் இடையே கொடுங்கள்.

கணினியோடு இணைத்தல்

கணினி நானோவைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். போன் சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் டேட்டா வயரே இருக்காது. கேபிள் சரியென்றால் அடுத்தது டிரைவர், அதாவது கணினி அந்தச் சிப்போடு பேச உதவும் மென்பொருள்: இங்கே கிடைக்கும் குறைந்த விலை நானோக்களில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும், சில கணினிகளில் அதற்கான டிரைவரை நாமே போட வேண்டும். அதன் பிறகும் புரோகிராம் ஏறவில்லையா? ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் புரசசர் என்ற இடத்தில் ‘ஓல்ட் பூட்லோடர்’ என்று முடியும் ஏடிமெகா328பி தெரிவைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது லைப்ரரியோடு வரும் மாதிரி புரோகிராம் ஒன்றை ஏற்றித் திரையில் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திரையின் முகவரியைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது 0எக்ஸ்3சி. திரையின் முதுகில் 0எக்ஸ்78 என்று அச்சடித்திருந்தாலும் பயம் வேண்டாம், அதே முகவரியை இன்னொரு கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அடுத்து குமிழின் அளவைச் சீரியல் மொனிட்டரில் (நானோ அனுப்புவதைக் காட்டும் ஆர்டுயினோ மென்பொருளின் ஜன்னல்) வாசியுங்கள். ஒரு கோடியில் 0, மறுகோடியில் 1023 வர வேண்டும். பிறகு பட்டன், அப்புறம் பஸர். ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்வது உறுதியான பிறகு ஒன்றுசேர்த்தால், பிழை வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

ஆட்டத்தை எழுதுதல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. திரை 128 புள்ளி அகலம், 64 புள்ளி உயரம். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் முழுப்படத்துக்கு 1024 பைட். நானோவின் வேலை நினைவகமே (ரேம்) 2048 பைட்தான், ஆக பாதி திரைக்கே போய்விடுகிறது. மாறிகளைச் சிக்கனமாக வையுங்கள், நீண்ட வாசகங்களை F("...") என்ற எஃப் மேக்ரோவுக்குள் எழுதி, புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே விட்டுவிடுங்கள்.

பந்துக்கு நான்கு எண்கள் போதும்: குறுக்கே எங்கே, மேலிருந்து எவ்வளவு கீழே, குறுக்கு வேகம், நெட்டு வேகம். மட்டைக்கு ஓர் எண். மட்டையின் உயரம் 16 புள்ளி என்றால் அதன் மேல் நுனி 0 முதல் 48 வரை போகலாம், குமிழின் 0–1023ஐ மேப் கட்டளையால் இந்த 0–48க்குச் சுருக்குங்கள்.

திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப்புக்குள் நடப்பது இதுதான்: குமிழை வாசி, பந்தின் இடத்தோடு வேகத்தைக் கூட்டு, மோதலைப் பார், வரை. இதை 33 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை செய்தால் நொடிக்கு ஏறக்குறைய 30 படம். அதைவிட அதிகம் பேராசைப்பட முடியாது, ஏனெனில் ஐ2சி 400 கிலோஹேர்ட்ஸில் ஓடினாலும் முழுத்திரையை அனுப்பவே 25 மில்லிசெக்கன் அளவில் பிடிக்கும். இடைவெளியை டிலே (காத்திருக்கச் சொல்லும்) கட்டளையால் நிரப்பாதீர்கள். மில்லிஸ் கட்டளை தரும் நேரத்தைப் பார்த்து, 33 கடந்துவிட்டதா என்று கேளுங்கள். வரையும் நேரம் 33க்குள் கூடிக் குறைந்தாலும் பந்தின் வேகம் சீராக இருக்கும்.

மோதலில் கவனிக்க இரண்டு விஷயம். பந்து 5ஆவது புள்ளிக்கு வந்ததா என்று சமன் வைத்துக் கேட்டால், வேகம் கூடும்போது பந்து 6இலிருந்து 3க்குத் தாவி மட்டையைக் கடந்துவிடும். ‘5 அல்லது அதற்குக் கீழ்’ என்று கேளுங்கள். அடுத்து, மோதியதும் வேகத்தின் குறியை வெறுமனே மாற்றாமல் பந்தை 6ஆவது புள்ளியில் கொண்டுபோய் வைத்து, குறுக்கு வேகத்தை நேர் எண்ணாக்குங்கள். இல்லாவிட்டால் சில வேளை அடுத்த படத்திலும் பந்து எல்லைக்குள்ளேயே இருந்து, குறி மறுபடி மாறி, மட்டையில் ஒட்டிக்கொண்டு நடுங்கலாம்.

இவ்வளவு எழுதினால் பந்து துள்ளும், ஆனால் விளையாட அலுப்பாக இருக்கும். பந்து எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் திரும்புகிறது, நம் கைக்கு வேலையே இல்லை. அல்கோர்ன் இதற்கு ஒரு வழி செய்தார். மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் பட்டது என்பதைப் பொறுத்துக் கோணத்தை மாற்றினார். நம் மட்டை 16 புள்ளி, துண்டுக்கு இரண்டு புள்ளி, கச்சிதம். மேலிருந்து கீழாக நெட்டு வேகங்கள் –3, –2, –1, 0, 0, 1, 2, 3. குறுக்கு வேகத்தை 2இல் தொடங்கி, நான்கு அடிக்கு ஒருமுறை ஒன்று கூட்டி, 5இல் நிறுத்துங்கள். பந்து ஆட்டத்தில் நிற்க நிற்க வேகமெடுப்பதும் பொங்கில் இருந்ததுதான். இந்த மாற்றத்தைப் போட்டதும் ஆட்டம் உயிர்பெறுவதை நீங்களே உணர்வீர்கள்.

பொங்கில் இன்னொன்றும் உண்டு. சர்க்கிட்டில் இருந்த குறையால் மட்டை திரையின் உச்சிவரை எட்டாது. அல்கோர்ன் அதைத் திருத்தாமலே விட்டார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கைதேர்ந்த இருவர் முடிவில்லாமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறதென்றால், மட்டையின் எல்லையை 0–48க்குப் பதிலாக 3–48 ஆக்கிப் பாருங்கள்.

சத்தத்துக்கு டோன் கட்டளை. சுவரில் பட்டால் 220 ஹேர்ட்ஸ், மட்டையில் பட்டால் 440, இரண்டும் 20 மில்லிசெக்கன் மட்டும். தவறவிட்டால் 110, கொஞ்சம் நீளமாக.

அதிகூடிய ஸ்கோரை நானோவின் ஈஈப்ரோம் என்ற நிரந்தர நினைவகத்தில் சேமித்தால் மின்சாரம் போனாலும் அழியாது. ஒரே இடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார், ஆகவே சாதனை முறியும்போது மட்டும் எழுதுங்கள். புதிய சிப்பில் அந்த இடம் 255 என்று வாசிக்கும். அதைக் கண்டால் 0 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாரும் எட்ட முடியாத சாதனையோடு ஆட்டம் தொடங்கும்.

தலைப்பைத் தமிழில் காட்ட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை இருக்கும். இந்த லைப்ரரிகளோடு வரும் எழுத்துருக்களால் தமிழின் கொம்பையும் காலையும் சரியாக அடுக்க முடியாது. ‘சுவர்ப்பந்து’ என்பதை 64க்கு 16 புள்ளி கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, பைட்களாக மாற்றி, ஃபிளாஷில் வையுங்கள். 128 பைட்தான்.

பெட்டி

ஆட்டம் ஓடுகிறது. இப்போது வெட்டலாம். 3 மில்லிமீற்றர் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை நன்றாக இருக்கும். அதை வெட்டச் சிரமமென்றால் 5 மில்லிமீற்றர் ஃபோம் போர்டும் கூரான கட்டரும் போதும். உயரம் 13 சென்ரிமீற்றர், அகலம் 5, ஆழம் 6. முதலில் தடித்த காகிதத்தில் பக்கவாட்டு வடிவத்தை வரைந்து வெட்டி மேசையில் நிறுத்திப் பாருங்கள். மேலே பெயர்ப்பலகை முன்னோக்கித் துருத்த வேண்டும், திரை 15 பாகையளவு பின்னே சாய வேண்டும், குமிழ் இருக்கும் தட்டு ஆடுபவர் பக்கம் சற்றே சரிய வேண்டும். இந்த மூன்று சாய்வும் சரியாக விழுந்தால் எந்த அளவிலும் அது ஆர்கேட் பெட்டியாகத் தெரியும்.

திரையின் ஒளிரும் பகுதி ஏறக்குறைய 22க்கு 11 மில்லிமீற்றர். துளையை 24க்கு 13 வெட்டுங்கள். குமிழின் கழுத்துக்குப் பெரும்பாலும் 7 மில்லிமீற்றர் துளை வேண்டும், ஆனாலும் அளந்த பிறகே துளையிடுங்கள். வாகனக் கண்ணாடிக்கு டின்ட் ஒட்டும் இடத்தில் கேட்டால் வெட்டி எறியும் துண்டு ஒன்று தருவார்கள். அதைத் தெளிவான பிளாஸ்ரிக்கில் ஒட்டித் திரைக்கு முன் வைத்தால் சர்க்கிட் போர்ட் மறைந்து, வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இருட்டுக்குள் மிதக்கும்.

பெயர்ப்பலகையைப் பக்கத்து கொமியுனிகேஷனில் (பிரின்ட், போட்டோகொப்பி எடுக்கும் கடையில்) டிரேசிங் தாளில் பிரின்ட் எடுத்து, பின்னால் ஒரு வெள்ளை எல்இடியை 330 ஓம் தடையியோடு 5 வோல்ட்டுக்குக் கொடுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை தனியாக. நம் ஈரப்பதத்தில் எம்டிஎஃப் வெட்டிய ஓரம் தண்ணீரை இழுத்து உப்பும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஓரங்களில் இருமுறை பூசிக் காயவைத்த பிறகு பெயின்ட் அடியுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று ஜம்பர் வயரின் முனைகளைச் சீக்கிரம் கறுக்கச் செய்யும், பிறகு திரை விட்டுவிட்டு வேலை செய்யும். ஆகவே பெட்டிக்குள் வைக்கும்போது வயர்களைச் சோல்டர் பண்ணுங்கள். ஈயம் கலந்த சோல்டருக்கு முனை 350 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

மின்சாரத்துக்குப் போன் சார்ஜரே சிறந்தது. 9 வோல்ட் சதுரப் பற்றரியைத் தவிருங்கள், அதன் சக்தியில் பாதிக்குக் கிட்ட, வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் ரெகுலேட்டரில் சூடாக வீணாகும். பவர் பேங்க் கொடுத்தால் சில நிமிடங்களில் தானே அணைந்துவிடலாம். இந்தப் பெட்டி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் எதுவும் கொழுவவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்ளும்.

பின்பலகையை மட்டும் பசையால் ஒட்டாமல் இரண்டு சிறிய ஸ்குரூவால் பூட்டுங்கள். யூஎஸ்பி வாய்க்கு அதில் ஒரு துளை விட்டால் பெட்டியைத் திறக்காமலே புது ஆட்டம் ஏற்றலாம். வலது சுவரில் செங்கற்களை அடுக்கிப் பந்தால் உடைக்கும் ஆட்டத்துக்கு இதே குமிழும் பட்டனும் போதும், இப்போது எழுதிய புரோகிராமில் ஒரு பட்டியலைச் சேர்த்தால் அது வந்துவிடும்.