புடாபெஸ்டில் நான்கு தோழிகள்: சிக்கனப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 செப்டம்பரில் ஒரு பிற்பகல், புடாபெஸ்டின் சேச்சேனி வெந்நீர்க் குளியலகத்து வாசலில் நாங்கள் நால்வரும் நின்றிருந்தோம். 1913-இல் திறக்கப்பட்ட மஞ்சள் நிற மாளிகை அது. நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 10,000 ஃபோரின்ட்டை ஒட்டி இருந்தது; நம் பணத்தில் ஏறக்குறைய 2,300 ரூபாய். மதுரையில் ஆசிரியையாக இருக்கும் தோழி, "தலை வலிக்கிறது. நீங்கள் போய் வாருங்கள், நான் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள். நாங்கள் மூவரும் இரண்டு மணி நேரம் வெந்நீரில் கிடந்துவிட்டு வந்தோம். அவளுக்கு அன்று தலைவலியே இல்லை என்பது மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கையில் இருந்த பணத்தில் அந்தக் கட்டணத்துக்கு இடமில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள்.

அதே நகரில், டான்யூப் ஆற்றின் மறு கரையில், லூகாச் என்றொரு குளியலகம் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அதிகம் போகுமிடம். அங்கும் நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீர்தான், கட்டணமோ மிகவும் குறைவு. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நால்வரும் அங்கே போயிருப்போம். இப்போதும் இதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

குறைந்த செலவில் ஐரோப்பா போவது எப்படி என்று கேட்பவர்கள் எல்லோரும் மலிவான விமானம், மலிவான அறை என்றுதான் கேட்கிறார்கள். நண்பர்களோடு போகும்போது செலவை ஏற்றிவிடுவதும் மகிழ்ச்சியைக் குறைப்பதும் பெரும்பாலும் நமக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளாத விஷயங்கள்தான். புடாபெஸ்டில் நாங்கள் செய்த தவறுகளையும், நூலிழையில் தப்பிய தவறுகளையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதுகிறேன்.

"பார்த்துக்கொள்ளலாம்"

எங்கள் பயணத்தில் அதிக விலை கொடுத்த சொல் இதுதான். ஒருத்தி சென்னையில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். ஒருத்தி ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவி, உதவித்தொகையில் வாழ்கிறாள். ஆசிரியை சீட்டுப் பணத்தை எடுத்து வந்திருந்தாள். நான் இவர்களுக்கு நடுவில் எங்கோ. நான்கு பேருக்கும் "சிக்கனம்" என்ற சொல்லுக்கு நான்கு அர்த்தம் இருந்தது. ஆறு மாதம் திட்டம் போட்டோம். ஒருவர்கூட ஒரு தொகையை வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம்டி" என்பதே பதில்.

இப்போது நாங்கள் வேறு மாதிரி செய்கிறோம். விமானம், விசா நீங்கலாக, அங்கே போனபின் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். அதில் எது குறைந்த தொகையோ அதுதான் எல்லோருக்குமான பொதுத் திட்டத்தின் அளவு. கூடுதலாக வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்குத் தனியாகச் செலவழிக்கட்டும். மற்றவர்களை இழுக்க வேண்டாம். ஒரே நேரத்தில் காட்டுவது முக்கியம். முதலில் ஒருவர் 8,000 என்று சொல்லிவிட்டால் 3,000 வைத்திருப்பவர் வாய் திறக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஓட்டல் பில்லுக்குச் சண்டை போட்டு "நான் கொடுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொள்வது அன்பின் அடையாளம். சென்னைத் தோழி முதல் இரண்டு நாளும் அப்படித்தான் செய்தாள், மனதாரத்தான். ஆனால் ஒருவர் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால், வாங்கிக்கொள்பவருக்கு "இந்த இடம் வேண்டாம், விலை அதிகம்" என்று சொல்லும் உரிமை போய்விடுகிறது. தலைவலி என்று ஆசிரியை சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். டிக்கெட் எடுக்க முடியாது என்று சொன்னால் சென்னைத் தோழி எடுத்துக் கொடுத்துவிடுவாளே என்ற தயக்கம்.

விசாவுக்கு முன் டிக்கெட்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஹங்கேரி போக, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ; மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பிப்பது பலரும் செய்யும் தவறு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும்.

நால்வர் சேர்ந்து போனாலும் விசா தனித்தனியாகத்தான் முடிவாகும். ஒருவருடைய வங்கிக் கணக்கில் போதிய இருப்பு இல்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எல்லோரும் ரத்து செய்ய முடியாத மலிவு டிக்கெட்டை வாங்கிய பிறகு ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால், "நீங்கள் போய் வாருங்கள்" என்று அவர் சொல்வதும், மனமில்லாமல் மற்றவர்கள் கிளம்புவதும் இரு தரப்புக்கும் வேதனை. ஒரு சக ஊழியரின் குழுவுக்கு அப்படி நடந்தது.

டிராமில் வழக்கு

புடாபெஸ்டில் சாதாரண ஒற்றை டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. ஏறியதும் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். மெட்ரோவில் நுழைவாயிலிலேயே குத்த வேண்டும். அந்த டிக்கெட்டோடு ஒரு டிராமிலிருந்து இன்னொரு டிராமுக்கோ பஸ்ஸுக்கோ மாற முடியாது. மெட்ரோ தடங்களுக்கு இடையே மாறலாம், அவ்வளவுதான். பரிசோதகர்கள் அடிக்கடி வருவார்கள். தெரியாது என்று சொன்னால் விட மாட்டார்கள்.

இது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வேறொருத்தி படித்திருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தோம். டான்யூப் கரையோரமாக ஓடும் 2-ஆம் எண் டிராமில், யார் எவ்வளவு கொடுத்தது என்று தமிழில் உரக்க வாதிட்டுக்கொண்டு போனோம். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற நினைப்பு. சம்பளம், கடன், ஒருத்தியின் மாமியார் வரை பேச்சு போயிற்று. பின்னிருக்கையில் இருந்த இளைஞர் இறங்குவதற்கு முன் மெல்லிய குரலில், "அக்கா, அடுத்த நிறுத்தத்தில் மாறுவதாக இருந்தால் புது டிக்கெட் குத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அபராதத்திலிருந்து காப்பாற்றினார் என்றாலும், அவர் கேட்டதை எல்லாம் நினைத்து நால்வருக்கும் முகம் சுருங்கிவிட்டது. ஹங்கேரியில் படிக்கும் இந்திய மாணவர்கள் நிறையப் பேர். மனம் விட்டுப் பேச வேண்டியதை அறையில் பேசுங்கள்.

நாங்கள் போனபோது, ஐந்து பேர் வரை சேர்ந்து போக 24 மணி நேரக் குழு டிக்கெட் ஒன்று விற்றார்கள். நான்கு பேருக்கு அது நல்ல லாபம். ஆனால் எல்லோரும் ஒன்றாகவே பயணம் செய்தால்தான் செல்லும். தனியாகச் சுற்ற விரும்பும் ஒருத்தி இருந்தால் அவள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவே இருக்கும் தெயாக் சதுக்கத்துக்கு வரும் 100இ பஸ்ஸில் சாதாரண ஒற்றை டிக்கெட் செல்லாது, தனி டிக்கெட் வேண்டும். பணம் மிச்சம் பிடிக்க நினைத்தால் 200இ பஸ்ஸில் ஏறி, மூன்றாம் மெட்ரோ தடத்துக்கு மாறலாம். சாதாரண டிக்கெட்டே போதும், இரண்டு வண்டிக்கு இரண்டு.

மூன்று மணிக்குப் பசி

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் தவறு, யாரும் "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லாததுதான். மற்றவர்கள் இன்னும் சுற்றிப் பார்க்க விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருத்தியும் பொறுத்துக்கொண்டாள். புடாபெஸ்டில் வார நாட்களில் பல உணவகங்கள் "நப்பி மெனு", அதாவது அன்றைய மெனு, என்று மதியச் சாப்பாடு போடுகின்றன: ஒரு சூப், ஒரு முக்கிய உணவு, சில இடங்களில் ஓர் இனிப்பும். அலுவலகம் போகிறவர்களுக்கான சாப்பாடு அது. நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி. மதியம் தாண்டினால் முடிந்துவிடும். நாங்கள் மூன்று மணிக்கு மேல் பசி தாளாமல் வாட்சி தெருவில் கண்ணில் பட்ட இடத்தில் உட்கார்ந்து, அதைப்போலப் பல மடங்கு கொடுத்தோம். வாட்சி தெரு நடந்து பார்க்க அழகானது. உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இடமில்லை.

பல இடங்களில் பில்லில் "செர்விஸ்தீய்" என்று ஒரு வரி இருக்கும். சேவைக் கட்டணம் அது, 10 முதல் 15 சதவீதம் வரை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் மேலும் டிப்ஸ் வைப்பது வீண். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

சைவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். ஹங்கேரியில் எல்லோரும் சொல்லும் குலாஷ் மாட்டிறைச்சிச் சூப். ஆனால் "ஃபோஸெலேக்" என்று காய்கறியைக் கெட்டியாக வேகவைத்துச் செய்யும் எளிய உணவு ஒன்று உண்டு. பூசணி, பட்டாணி, கீரை என்று நாளுக்கு ஒன்று; விலையும் குறைவு. மேலே இறைச்சி வைத்துத் தருவதும் உண்டு என்பதால் "ஹூஷ் நேல்குல்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேளுங்கள். அந்த மொழி நமக்கு அந்நியமாக ஒலித்தாலும், அதன் போக்கு தமிழுக்கு நெருக்கமாக இருப்பதைக் கவனித்து மகிழ்ந்தேன்: "புடாபெஸ்டில்" என்று நாம் உருபு சேர்ப்பதைப் போலவே அவர்களும் ஊர்ப் பெயரின் கடைசியில் ஒட்டுச் சேர்த்து ஒரே சொல்லாக்குகிறார்கள்.

யூரோ இல்லாத ஊர்

ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் சேர்ந்தது. நாணயம் இன்னும் ஃபோரின்ட்தான். யூரோவை வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு, அவர்கள் வைக்கும் விகிதத்தில் நமக்கு நட்டம். ஏ.டி.எம். திரையோ கார்டு இயந்திரமோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ஃபோரின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயில் பார்ப்பது வசதியாகத் தோன்றும். மாற்று விகிதத்தில் பணம் கரைந்துவிடும். எந்த வங்கியையும் சேராமல் தெருமுனையில் நிற்கும் இயந்திரங்களைவிட வங்கிக் கிளையோடு இருக்கும் ஏ.டி.எம். நல்லது.

மூன்றாம் நாள் காலையிலிருந்து நால்வரும் சம அளவில் ஒரு பொதுப் பையில் ஃபோரின்ட் போட்டோம். டிராம், மதியச் சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. மீதியை இரவு படுக்கும் முன் எண்ணினோம். மூன்று நாணயங்களில் கணக்கு எழுதி ஊருக்குத் திரும்பியபின் தீர்த்துக்கொள்வதாக வைத்திருந்த ஏற்பாடு அன்றே முடிந்தது. அதன்பின் பணத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

அறை எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஏழாம் வட்டாரத்தில் விடுதிகள் மலிவு. பாழடைந்த கட்டடங்களில் நடக்கும் மதுக்கூடங்கள் அங்கேதான், இரவெல்லாம் சத்தம் ஓயாது. தூக்கம் வேண்டும் என்பவர் முன்பே சொல்லட்டும். பக்கத்து ஆறாம் வட்டாரமான தெரேஸ்வாரோஷில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 2026 ஜனவரி முதல் தடை. பழைய கட்டுரைகளை நம்பி அங்கே தேட வேண்டாம்.

நாடாளுமன்றத்தை உள்ளே சென்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குக் குறைந்த கட்டணம், நமக்கு முழுக் கட்டணம். எதிர்க் கரையில் பத்தியானி சதுக்கத்தில் இருந்து பார்த்தால் முழுக் கட்டடமும் தெரியும், காசே இல்லை. கோட்டைக் குன்றின் மேல் நகரைப் பார்த்தபடி நிற்கும் மீனவர் கொத்தளத்தின் கீழ்த் தளங்களும் இலவசம்தான். மேல் மாடத்துக்கு மட்டுமே டிக்கெட்.

கடைசி நாளுக்கு முந்தைய மாலை, 1896-இல் திறக்கப்பட்ட பச்சை நிறச் சுதந்திரப் பாலத்தின் இரும்பு விளிம்பில், ஊர்க்காரர்கள் உட்காருவதைப் போல உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் ஆசிரியை தலைவலியைப் பற்றிச் சொன்னாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சென்னைத் தோழிதான் முதலில் அழுதாள்.

மறுநாள் எங்கள் விமானம் மாலையில். காலையிலேயே நால்வரும் லூகாச் குளியலகத்துக்குப் போனோம், பொதுப் பையிலிருந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு. அதன் முற்றத்துச் சுவரில், அங்கே குளித்து நோய் தீர்ந்தவர்கள் பல மொழிகளில் நன்றி பொறித்துப் பதித்த பளிங்குக் கற்கள் இருக்கின்றன. ஆசிரியை ஈரத் தலையோடு ஒவ்வொரு கல்லாக நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அவசரப்படுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.