சிறுவர் குவாட் பைக் ஓடவில்லையா? மல்டிமீட்டரை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

பேட்டரியில் ஓடும் சிறுவர் குவாட் பைக் திடீரென்று நின்றுவிட்டால், பலரும் முதலில் சந்தேகப்படுவது, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைத்தான். புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிய பிறகும் வண்டி அசையாது. பேட்டரி, கனெக்டர், பிரேக் ஸ்விட்ச் மூன்றும் அதைவிட அடிக்கடி மக்கர் செய்பவை. ஆகவே கன்ட்ரோலரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரியில் தொடங்கி, மின்சாரம் எதுவரை வந்து சேர்கிறது என்று அளந்துகொண்டே போவதுதான் வேலை.

இங்கே சொல்லும் அளவுகள், மூன்று 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 36 வோல்ட் வண்டிக்கானவை. மோட்டார், கார்பன் பிரஷ் உள்ள டிசி மோட்டார். 24 வோல்ட் வண்டியில் பேட்டரி இரண்டு, முறை ஒன்றுதான்.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், இரண்டு குண்டூசி, ஒயர் இணைத்த 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று.

தொடங்கும் முன்

பின்சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, கட்டையில் உறுதியாக நிறுத்துங்கள். சோதனையின் நடுவே மோட்டார் எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம். செயின் பக்கம் விரலோ துணியோ போகக் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். 36 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. ஷாக்கைவிட ஷார்ட்தான் இங்கே ஆபத்து: இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். குழந்தை வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது எதையும் சோதிக்காதீர்கள்.

படி 1: பேட்டரி

சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். முழு சார்ஜில் 12.7 முதல் 12.9 வரை காட்டும். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. மூன்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அரை வோல்ட் குறைவாக இருந்தால் பிரச்சினை அதில்தான் இருக்கும்.

மூன்றுமே 12.7 காட்டுகின்றன என்பதற்காக நம்பிவிடாதீர்கள். லோடு இல்லாமல் அளக்கும்போது கெட்ட பேட்டரியும் நல்லதுபோல் நடிக்கும். பல்பை ஒரு பேட்டரியில் மட்டும் இணைத்து, எரியும்போதே வோல்ட்டைப் பாருங்கள். சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். நல்ல பேட்டரி ஒரு நிமிடம் கழித்தும் 12 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கெட்டது சில நொடிகளிலேயே 11, 10, 8 என்று சரியும். பல்பும் கண்ணெதிரே மங்கும். பல்பு கடுமையாகச் சூடாகும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

வண்டி விட்டு விட்டு ஓடுவதற்கு இதுவே வழக்கமான காரணம். பல கன்ட்ரோலர்கள் மொத்த வோல்ட்டேஜ் 31.5க்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும். ஒரே ஒரு பேட்டரி 6 வோல்ட்டுக்கு விழுந்தாலும் மொத்தம் அந்த வரம்புக்குக் கீழே போய்விடும். த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) விட்டதும் வோல்ட்டேஜ் மீளும், வண்டி கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும்.

மாற்றும்போது மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதைத் தொடரில் போட்டால், பழையது முதலில் காலியாகும், சார்ஜாகும்போது சமநிலையும் கெடும். வயிறு வீங்கிய பேட்டரி என்றால் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றுமே காலியாக இருந்தால் சார்ஜரைப் பாருங்கள். வெளியீடு 41 முதல் 44 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சில சார்ஜர்கள் பேட்டரியோடு இணைத்தால்தான் வோல்ட் காட்டும். அதனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனைகளில் வோல்ட் ஏறுகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது.

படி 2: ஃப்யூஸ், ஒயர், சாவி

ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கழற்றி, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்துத் தொடுங்கள், பீப் வர வேண்டும். ஃப்யூஸ் நன்றாக இருந்தும் அதன் ஹோல்டர் உருகியிருந்தால், பிடி தளர்ந்து சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். ஹோல்டரையும் மாற்றுங்கள். போன ஃப்யூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியர் ஃப்யூஸோ கம்பியோ போட்டால், அடுத்து எரிவது ஒயர்தான்.

இனி கன்ட்ரோலருக்குள் போகும் தடித்த சிவப்பு, கருப்பு ஒயர்களில் அளங்கள். பேட்டரியில் 38 இருந்தால் இங்கேயும் 38 வர வேண்டும். த்ராட்டிலை அழுத்தும்போது பேட்டரியில் 37 நிற்க, இங்கே மட்டும் 30க்கு விழுந்தால் நடுவில் ஏதோ ஒரு கனெக்டர் துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. பச்சை படிந்த பின்களைச் சுரண்டுவதைவிட மாற்றுவதே மேல்.

சாவியை ஆன் செய்ததும் கன்ட்ரோலருக்குப் போகும் மெல்லிய சாவி ஒயரிலும் 36 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் சாவி ஸ்விட்ச் போய்விட்டது.

படி 3: பிரேக் ஸ்விட்ச்

பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும்படி லீவருக்குள் சிறிய ஸ்விட்ச் இருக்கும். லீவர் முழுதாகத் திரும்பாவிட்டால், வண்டி எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைக்கும். இரண்டு ஒயர் கனெக்டரைக் கழற்றி, கன்டினியூட்டியில் வைத்து லீவரை அழுத்தி விடுங்கள். நிலை மாற வேண்டும். மாறாவிட்டால் ஸ்விட்ச் கெட்டது.

படி 4: த்ராட்டில்

இதில் மூன்று ஒயர்: சுமார் 5 வோல்ட் சப்ளை, நெகட்டிவ், சிக்னல். நிறம் மாடலுக்கு மாடல் மாறும், அளந்தே தெரிந்துகொள்ளுங்கள். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாகக் குண்டூசியைச் செருகி அளக்கலாம். இரண்டு ஊசிகளும் ஒன்றோடொன்று தொடக் கூடாது. விட்டிருக்கும்போது சிக்னல் சுமார் 0.8 வோல்ட். மெல்ல அழுத்தினால் சீராக ஏறி 3.5க்கு மேல் போக வேண்டும். நடுவில் குதித்தாலோ அசையாமல் நின்றாலோ த்ராட்டிலை மாற்றுங்கள். சப்ளையே வராவிட்டால் த்ராட்டிலைக் கழற்றிவிட்டு அளங்கள். அப்போது 5 வோல்ட் வந்தால் ஷார்ட் த்ராட்டிலில், வராவிட்டால் குறை கன்ட்ரோலரில் அல்லது இடையே உள்ள ஒயரில்.

த்ராட்டிலின் நெகட்டிவ் ஒயர் அறுந்தால் சிக்னல் தானாகவே உச்சத்துக்கு ஏறிவிடும். அழுத்தாமலே வண்டி பாயும். சாவி போட்டதும் சக்கரம் சுற்றினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்த ஒயரை முதலில் பாருங்கள். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் மடங்கி மடங்கி அறுவது வழக்கம். ஹேண்டிலை இருபுறமும் திருப்பிக்கொண்டே மீட்டரைக் கவனித்தால் பிடிபட்டுவிடும்.

படி 5: மோட்டார், பிறகு கன்ட்ரோலர்

மோட்டாரின் இரண்டு தடித்த ஒயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து பிரித்து, தனியே எடுத்த ஒரு 12 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சிறு பொறியோடு மெதுவாகச் சுற்றினால் மோட்டார் நலம். சுற்றாவிட்டால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

மோட்டாரை மறுபடி இணைத்து, த்ராட்டிலை அழுத்தியபடி அந்த ஒயர்களில் அளங்கள். சப்ளை, சாவி, பிரேக், த்ராட்டில் சிக்னல் எல்லாம் சரியாக இருந்தும் இங்கே பூஜ்யம் என்றால் கன்ட்ரோலரை மாற்றலாம். வோல்ட்டும் ஆம்பியரும் பழையதன் லேபிளில் உள்ளபடியே இருக்கட்டும். முன்னால் போகிறது, பின்னால் மட்டும் போகவில்லை என்றால் கன்ட்ரோலரைத் தொடாதீர்கள், ரிவர்ஸ் ஸ்விட்சைப் பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பின், சக்கரம் தூக்கிய நிலையிலேயே த்ராட்டிலை அழுத்திக்கொண்டு பிரேக்கைப் பிடியுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நின்றால் மட்டும் வண்டியைக் கீழே இறக்குங்கள்.