படகு டீசல் இன்ஜின் சூடேறினால்

வெப்பமானி ஊசி ஏறியதும் முதலில் பின்பக்கம் எட்டிப் பாருங்கள்: எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) வழியாகத் தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிறதா? இல்லையென்றால் கோளாறு இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே வரும் கடல்நீர்ப் பக்கம். இன்ஜினை நிறுத்தி, சீகாக்கை (கடல்நீர் உள்ளே வரும் வால்வை) மூடி, ஸ்ட்ரெய்னரை (குப்பையைத் தடுக்கும் வடிகட்டியை) துப்புரவாக்குங்கள். சிங்கப்பூர்க் கடல்நீர் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 28–30 டிகிரி. இந்த வெதுவெதுப்பில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்து இம்பெல்லர், அதாவது கடல்நீர் பம்பினுள் சுழலும் ரப்பர் சக்கரம். இதழ்களை வளைத்துப் பாருங்கள். அடியில் வெடிப்பு தெரிந்தாலே மாற்றுங்கள். இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆகவேண்டும். பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல்நீரால் கூலன்ட்டைக் குளிர்விக்கும் பகுதி) வாயில் அடைத்திருக்கும். விட்டால் புது இம்பெல்லர் போட்டும் சூடு இறங்காது. புதியதற்கு கிளிசரின் தடவுங்கள், கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். சீகாக்கைத் திறந்த பிறகே கிளப்புங்கள்.

தண்ணீர் நன்றாகக் கொட்டியும் சூடேறினால், இன்ஜின் ஆறியபின் கூலன்ட் (இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விப்பு நீர்) மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். பிறகு பெல்ட், தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) இரண்டையும் பாருங்கள். உலோக அரிப்பைத் தான் ஏற்றுக் கரையும் துத்தநாகக் கம்பி பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.