எடிட்டிங் கணினி திணறும்போது: பாகம் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

திருநெல்வேலி வட்டாரத்தில் கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் வீடியோ எடுப்பவர்களில் பலர் இப்போது 4கே தரத்தில்தான் பதிவு செய்கிறார்கள். கேமரா மாறிவிட்டது, அதை எடிட் செய்யும் கணினி பல இடங்களில் பழையதாகவே இருக்கிறது. டைம்லைனில் (எடிட் செய்யும் காட்சிகளை வரிசையாக அடுக்கும் பகுதி) படம் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியதும், பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்ற ஆலோசனைதான் முதலில் கிடைக்கும். சில நேரங்களில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், திணறல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் கார்டு வாங்குகிறவர், முகூர்த்த மாதத்தில் சேர்த்த பணத்தைச் செலவழித்த பிறகும் அதே திணறலோடு உட்கார்ந்திருக்க நேரும். ஆகவே கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்து பாருங்கள். முதல் இரண்டு படிகளுக்குச் செலவே இல்லை.

படி 1: உங்கள் கோப்பு எந்த வகை என்று பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேமராவிலிருந்து எடுத்த ஒரு கோப்பை அதில் திறங்கள். அது எந்தச் சுருக்க முறையில் பதிவானது (எச்.264 வகையா, எச்.265 வகையா), நிற ஆழம் 8 பிட்டா, 10 பிட்டா, நிற அளவு 4:2:0 என்று இருக்கிறதா, 4:2:2 என்று இருக்கிறதா, பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கான தரவின் அளவு) எவ்வளவு, பிரேம் ரேட் (ஒரு நொடிக்கான படங்களின் எண்ணிக்கை) நிலையானதா, மாறுவதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமராக்கள் பெரும்பாலும் இந்த இரு வகைகளில் பதிவு செய்யும்போது, ஒரு முழுப் படத்தைச் சேமித்துவிட்டு, அதற்கு அடுத்து வரும் பல படங்களில் எது மாறியதோ அதை மட்டுமே எழுதி வைக்கின்றன. கோப்பு சிறிதாவது அதனால்தான். எடிட் செய்யும்போது சிரமம் வருவதும் அதனால்தான்: நடுவில் உள்ள ஒரு படத்தைக் காட்ட வேண்டுமானால், கணினி முந்தைய முழுப் படத்திலிருந்து தொடங்கி இடையில் உள்ளவற்றையெல்லாம் கணக்கிட்டாக வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கென்றே புரோசஸரில் உள்ள கிராபிக்ஸ் பகுதியிலும் தனி கிராபிக்ஸ் கார்டிலும் ஒரு சிறு பகுதி உண்டு. அந்தப் பகுதிக்கு உங்கள் கோப்பின் வகை தெரியாவிட்டால், சுமை முழுவதும் புரோசஸரின் தலையில் விழும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எச்.265 வகையில் 10 பிட் 4:2:2 கோப்பை இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5 முதலான புரோசஸர்களின் உள் கிராபிக்ஸ் எளிதாகக் கையாளும். என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டுகளிலோ 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலிருந்துதான் அந்த வசதி உண்டு. அதற்கு முந்தைய வரிசைகளில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டிலும் அது இல்லை. இன்டெல் புரோசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் பணம் மிச்சம் என்பதற்காக அதை வாங்கினால் இந்த வசதியையே இழக்கிறீர்கள். உள் கிராபிக்ஸ் இருந்தும், தனிக் கார்டு பொருத்தியதும் மதர்போர்டு அதை அணைத்து வைத்திருக்கக்கூடும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் சென்று அதை மீண்டும் இயக்குங்கள்.

உறவினர் கைப்பேசியில் எடுத்த வில்லிசைப் பகுதியைச் சேர்த்ததும் பாட்டும் வாயசைவும் போகப்போக விலகினால், அது கணினியின் குறையன்று. கைப்பேசிகள் மாறும் பிரேம் ரேட்டில் பதிவு செய்வதால் அப்படி நேர்கிறது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

படி 2: திணறும்போதே அளந்து பாருங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு, திணறுகிற அதே பகுதியை ஓடவிடுங்கள். புரோசஸர் நூறு சதவீதத்தை ஒட்டியும், கிராபிக்ஸ் பக்கத்தில் உள்ள ‘வீடியோ டிகோட்’ வரைபடம் அசையாமலும் இருந்தால், மேலே சொன்ன சிக்கல்தான். நினைவகம் நிரம்பி வழிந்தால் ரேம் போதவில்லை. டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். நிறத்திருத்தமும் இரைச்சல் நீக்கமும் போட்ட இடத்தில் மட்டும் திணறி, கிராபிக்ஸ் கார்டின் வேலையளவு உச்சத்தைத் தொட்டால், அப்போதுதான் புதிய கார்டு வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது.

படி 3: டிஸ்க்கையும் கேபிளையும் சோதியுங்கள்

ஒரு கொடை விழாவையே எடுத்துக்கொள்வோம். குடியழைப்பு என்ற தொடக்கச் சடங்கு முதல் நள்ளிரவுச் சாமக்கொடை வரை மொத்தம் 8 மணி நேரம் 100 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் பதிவு செய்தால், நொடிக்கு 12.5 எம்பி வீதம் மணிக்கு 45 ஜிபி, ஆகமொத்தம் 360 ஜிபி ஆகும். மூன்று கேமரா என்றால் ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட நொடிக்கு 37.5 எம்பி போதும். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பிக்கு மேல் தரக்கூடியதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வேகம் ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது. மூன்று கோப்புகளுக்கிடையே அதன் முள் தாவித் தாவிப் படிக்கும்போது வேகம் வெகுவாகச் சரியும். வெளி ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி 2.0 துளையிலோ பழைய கேபிளிலோ செருகியிருந்தால் நொடிக்கு 40 எம்பி கிடைப்பதே அரிது.

எனவே நடப்பு வேலை, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டியில் இருக்கட்டும். முடிந்த வேலை மட்டும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். சாட்டா கேபிளில் இணையும் சாதாரண எஸ்எஸ்டியின் நொடிக்கு 550 எம்பி வேகமே இந்த வேலைக்குத் தாராளம். மிக மலிவான எஸ்எஸ்டிகள் முதல் சில ஜிபிகளை வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாகிவிடுவதுண்டு. 100 ஜிபியை ஒரே மூச்சில் நகலெடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில், பழுதான செக்டார்களின் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் டிஸ்க்கை அன்றே மாற்றுங்கள்.

சேமிப்பில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருகி திருநெல்வேலி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோவை ஒப்படைக்கும் வரை அது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. இரண்டாவது நகல் ஒன்றை வேறொரு கட்டடத்தில், தரைத்தளத்துக்கு மேலே வைத்திருங்கள்.

படி 4: பிராக்ஸி உருவாக்குங்கள்

பிரீமியர், டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்களில், மூலக் கோப்புகளுக்குப் பதிலாகச் சிறிய அளவுள்ள, எளிதில் ஓடக்கூடிய நகல்களை வைத்து எடிட் செய்யும் வசதி உண்டு. அந்த நகல்களுக்குத்தான் பிராக்ஸி என்று பெயர். எடிட் முடித்து இறுதி வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும், தரம் குறையாது. இரவில் பிராக்ஸி உருவாக்கவிட்டுக் காலையில் வேலையைத் தொடங்கலாம். பழைய கணினி வைத்திருக்கும் தொடக்கநிலையாளருக்கு இதைவிட நல்ல வழி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: சூட்டையும் மின்சாரத்தையும் கவனியுங்கள்

தொடக்கத்தில் வேகமாக எக்ஸ்போர்ட் ஆகி, கால் மணி நேரத்துக்குப் பிறகு மந்தமானால் சூட்டைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான புரோசஸர்கள் 95 முதல் 100 டிகிரியைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அக்னி நட்சத்திர வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில் இது எளிதில் நடக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்தபடி கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து ஒரு மேசை மின்விசிறியை வைத்துப் பாருங்கள். வேகம் மீண்டால் காற்றோட்டம்தான் குறை. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆடிக் காற்றில் வரும் தூசி, புரோசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கை அடைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். பல ஆண்டுகளானால், புரோசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றுங்கள்.

பிழை காட்டும் நீலத்திரை எதுவும் வராமல் கணினி சட்டென்று அணைந்தால், குறை கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலோ யுபிஎஸ்ஸிலோ இருக்க வாய்ப்பு அதிகம். கடைகளில் பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே தாங்கும். தனிக் கார்டு உள்ள கணினி எக்ஸ்போர்ட் நேரத்தில் அதைத் தாண்டிவிடக்கூடும். யுபிஎஸ் இல்லாமல் நேரடி இணைப்பில் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்தால் எது குற்றவாளி என்று தெரியும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பதும் அவசியம்.

படி 6: புதிதாக வாங்குவதானால்

முதலில் கோப்பு வகைக்கு ஏற்ற புரோசஸர். அடுத்து 32 ஜிபி ரேம். அதை 16 ஜிபி கொண்ட இரண்டாக வாங்கி, மதர்போர்டு கையேட்டில் சொன்ன துளைகளில் பொருத்தினால்தான் முழு வேகம் கிடைக்கும். பிறகு 1 டிபி எஸ்எஸ்டி, அதன் பிறகே 8 ஜிபி நினைவகமுள்ள கிராபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் விலையைக் குறைக்காதீர்கள். பெயர் தெரியாத ஒன்று பழுதானால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும்.

பழைய சந்தையில் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மேசைக்கணினிப் புரோசஸர் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவற்றில் சில நிலைகுலைவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியையும் நீட்டித்தது. திருத்தம் மேலும் கெடுவதைத் தடுக்குமே தவிர, கெட்டுப்போனதைச் சரிசெய்யாது.

கணினி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைக் கொண்டு ஓர் இரவு ரேமைச் சோதியுங்கள்; ஒரு பிழை வந்தாலும் ரேமை மாற்றிக் கேளுங்கள். பின்னர் உங்கள் சொந்தக் கோப்புகளில் ஒரு மணி நேர வீடியோவை, பகல் வெயிலில், யுபிஎஸ் வழியாகவே எக்ஸ்போர்ட் செய்து, நடுவில் ஒருமுறை சுவர் இணைப்பை அணைத்து, உடனே மீண்டும் போட்டுப் பாருங்கள். கணினி அணையாமல், வேகம் சரியாமல் அது முடிந்தால் ஒவ்வொரு பாகத்தின் பில்லையும் வாரண்டி அட்டையையும் தனித்தனியாகப் பெற்று எடுத்து வையுங்கள்.